மூன்று அங்குலம்

ஜீப்பை உயர்த்துவது பற்றி எழுத இந்தப் பக்கங்கள்தானா கிடைத்தன என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்கட்டும். ஒரு பழைய வண்டியின் உயரத்தை மாற்றுவதா வேண்டாமா என்று நான் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. வண்டி என் பேரில் இருக்கிறது. அதில் மலையேறப் போகிறவர்கள் வேறு மனிதர்கள். இப்படிப்பட்ட முடிவை ரசனை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. கவிதை பற்றி நாம் சொல்கிற அபிப்பிராயங்களால் யாரும் பள்ளத்தில் உருண்டதாகத் தகவல் இல்லை. ஜீப் விஷயம் வேறு. ஆகவே காரணங்களை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

வண்டி மஹிந்திரா செய்த சி.ஜே. 3பி. வில்லிஸ் கம்பெனி 1953இல் அமெரிக்காவில் கொண்டுவந்த மாதிரி. யுத்த கால ஜீப்பில் இருந்ததைவிட உயரமான எஞ்சினை உள்ளே வைக்க வேண்டியிருந்ததால் பானெட்டைத் தூக்கிக் கட்டினார்கள். அதனால் அதன் முகத்தில் எப்போதும் ஒரு நெற்றிமேடு. உரிமம் பெற்று மஹிந்திரா கம்பெனி அதை இங்கே பல பத்தாண்டுகள் செய்தது. நம் ஊர்த் தாசில்தாரையும் வனத்துறை ரேஞ்சரையும் சுமந்தவை இந்த வண்டியும் இதன் தம்பிகளும்தான். எங்களுடையதை என் சித்தப்பா ஒரு அரசாங்க இலாகா ஏலத்தில் எடுத்தார். பெட்ரோல் எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்து, அது ஆர்.சி. புத்தகத்திலும் ஏறியிருந்தது. சித்தப்பா காலமான பிறகு ஆழ்வார்பேட்டையில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றது. வாரத்துக்கு ஒரு முறை சி.பி. ராமசாமி ரோடு வரை ஓட்டிப் போய்த் திரும்புவேன். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிப்பேன். அதற்கும் எனக்கும் சம்பந்தம் அவ்வளவுதான்.

அக்கா பையனுக்குப் போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் மேற்பார்வை வேலை கிடைத்தது. தோட்டத்துக்குள் தார்ச் சாலை கிடையாது. மழைக் காலத்தில் காய் மூட்டையையும், உடம்புக்கு முடியாத ஆளையும், சில சமயம் இரண்டையும் சேர்த்து, கல்லும் சேறுமான பாதையில் இறக்க வேண்டும். ஜீப்பைக் கேட்டான். கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. கொண்டு போகுமுன் மூன்று காரியம் செய்ய வேண்டும் என்றான்.

"மாமா, பட்டையை மாத்தி மூணு இன்ச் தூக்கிடலாம். அப்புறம் முப்பத்திரண்டு இன்ச் டயர். பணம் மிஞ்சினா கியரைப் பார்த்துக்கலாம்."

அவன் சொன்ன வரிசை என்னை உறுத்திக்கொண்டேயிருந்தது. உயரம், டயர், கடைசியில் கியர். அவனைக் குறை சொல்வதற்கில்லை. ஜி.பி. ரோட்டுக் கடைகளில் விசாரித்தாலும் இதே வரிசையில்தான் பேசுகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது முதலில். தெரியாதது பணம் மிஞ்சினால். நான் வந்து சேர்ந்த முடிவு, இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது. அதற்கு இரண்டு மாதம் பிடித்தது.

முதலில் உயரம். ஜீப்பின் முன்னும் பின்னும் குறுக்கே ஓடும் ஆக்ஸில் ஒரே இரும்புத் தண்டு மாதிரி. அதன் நடுவே, சற்று ஒரு பக்கமாக, பூசணிக்காய் போல உப்பியிருப்பது டிஃபரன்ஷியல். வண்டியில் தரைக்கு மிக அருகில் இருப்பது அதுதான். பாறை முதலில் தட்டுவதும் அதில்தான். ஆக்ஸிலுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கிறது பட்டை. பட்டையை எவ்வளவு வளைத்தாலும், எத்தனை தகடு கூட்டினாலும், உயர்வது பட்டைக்கு மேலே உள்ளவை மட்டும்: சட்டம், எஞ்சின், ஸீட், ஸீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதன். டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். புதுப்பேட்டைப் பட்டறையில் பாய் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

"நீங்க மேல போவீங்க சார். ஹவுசிங் அங்கயேதான் நிக்கும்."

மூன்று அங்குலத்தால் ஒன்றுமே லாபமில்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒரு மேடு வந்தால் வண்டியின் வயிறு தட்டாமல் தாண்டும். பெரிய டயர் போட்டால் அது மட்கார்டில் உரசாமல் திரும்ப இடம் வேண்டும்; அந்த இடத்தையும் பட்டை உயர்த்துதல்தான் தருகிறது. பெரும்பாலும் அதற்காகவே செய்கிறார்கள். ஆனால் அதோடு வேறு சில காரியங்களும் தாமாக நடந்துவிடுகின்றன. எஞ்சினிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட் செங்குத்தாகச் சாய்கிறது. அதன் இரு முனையிலும் உள்ள கிராஸ் ஜாயிண்ட்டுகள் அவை செய்யப்பட்ட கோணத்தை மீறிச் சுழல்கின்றன. வண்டி நடுங்குகிறது. ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பியும் சாய்ந்துவிடுவதால், மேடு ஏறும்போது சக்கரம் தானாக ஒரு பக்கம் திரும்பப் பார்க்கிறது. பிரேக் குழாயை நீளமாக்க வேண்டும். இதையெல்லாம் சரி செய்ய முடியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமான் விற்கிறார்கள். மூன்று அங்குலத்தின் விலை பட்டையோடு முடிவதில்லை என்று மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

மலிவாகத் தூக்குகிறவர்கள் கட்டில் ஒரு தகடு கூடுதலாகச் செருகிவிடுவார்கள். பாரம் ஏற்றுகிற லாரிக்கு இது பழைய வழக்கம். லாரியின் தேவை பாரத்துக்குப் பட்டை அமுங்காமல் இருப்பது. மலைப் பாதையில் ஜீப்பின் தேவை இதற்கு நேர் எதிர். ஒரு சக்கரம் கல்லின் மேல் ஏறும்போது மற்றது பள்ளத்துக்குள் தாராளமாக இறங்கித் தரையைத் தொட வேண்டும். பட்டை இறுகிவிட்டால் அந்தச் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். சாதாரண டிஃபரன்ஷியலுக்கு ஒரு குணம் உண்டு: இரண்டு பக்கமும் ஒரே அளவு வலுவைத்தான் தரும். அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தைச் சுழற்ற வலுவே வேண்டாம். ஆகவே தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. ஒன்று காற்றில் வீணாகச் சுற்ற, மற்றது சும்மா நிற்கும். மலைக்காகத் தூக்கிய வண்டி மலையில் நின்றுவிடுவது இப்படித்தான்.

அடுத்து டயர். டிஃபரன்ஷியலை உண்மையிலேயே உயர்த்துவது டயர் ஒன்றுதான். அதிலும் பாதிதான் கிடைக்கும். எங்கள் வண்டியின் டயர் 28 அங்குல விட்டம் என்று வைத்துக்கொண்டால், 32 அங்குல டயர் போட்டதும் ஆக்ஸில் உயர்வது 2 அங்குலம். நான்கு அங்குலத்துக்குப் பணம் கொடுத்து இரண்டை வாங்குகிறோம். மீதி இரண்டு ஆக்ஸிலுக்கு மேல் பக்கம் இருக்கிறது, அது பார்வைக்கு.

டயர் பெரிதானால் வேறு பல எண்கள் சொல்லாமல் கொள்ளாமல் மாறுகின்றன. 28 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 448 முறை சுற்றும். 32 அங்குலச் சக்கரம் 392 முறை. ஸ்பீடாமீட்டருக்கு இந்தச் சேதி தெரியாது. அது சுற்றுகளை எண்ணி 60 என்று காட்டும்போது வண்டி 68க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். பிரேக் டிரம்முக்கும் தெரியாது. அது முன்பு பிடித்த பிடியைத்தான் பிடிக்கும். ஆனால் பிடிக்கும் இடத்திலிருந்து தரை இரண்டு அங்குலம் தள்ளிப் போய்விட்டதால், தரையில் கிடைக்கிற நிறுத்தும் வலு எட்டில் ஒரு பங்கு குறைந்திருக்கும். கடைகளில் ஏறுவதைப் பற்றிப் பேசினார்கள். இறங்குவதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறியவன் அந்தப் பதினேழிலும் இறங்கியாக வேண்டும்.

கவிழ்வது பற்றியும் ஒரு கணக்குப் போட்டேன். யுத்த கால ஜீப்பில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடைவெளி 49 அங்குலம், சி.ஜே. 3பி-யிலும் ஏறத்தாழ அவ்வளவுதான். பாதி 24½. வண்டியின் கனமையம் தரையிலிருந்து 25 அங்குல உயரத்தில் இருக்கிறதென்று கணக்குக்காக வைத்துக்கொள்ளலாம். நின்ற இடத்தில் பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டே போனால் ஏறக்குறைய 44 டிகிரியில் கவிழும். பட்டையில் 3, டயரில் 2 என்று 5 அங்குலம் கூட்டினால் 39 டிகிரி. ஐந்து டிகிரி என்பது காகிதத்தில் ஒன்றுமில்லை. ஆனால் இது நின்றுகொண்டிருக்கும், பட்டை அமுங்காத, காலி வண்டியின் கணக்கு. ஓடும் வண்டியில், வளைவில், பின்னால் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரே பக்கம் சரியும்போது, மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. தேனிப் பக்கத்திலிருந்து இடுக்கித் தோட்டங்களுக்கு விடிவதற்கு முன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு போகும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஐந்து டிகிரி யாருடையது என்று விளங்கும்.

இனி கியர். அக்கா பையனின் பட்டியலில் கடைசியாக வந்தது. டிஃபரன்ஷியலுக்குள் ஒரு பெரிய பல்சக்கரமும் ஒரு சின்னப் பல்சக்கரமும் இருக்கின்றன; பட்டறையில் இரண்டையும் சேர்த்துக் கிரௌன் பினியன் என்பார்கள். பெரியதில் 43 பல், சின்னதில் 8 என்றால், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஏறக்குறைய 5.38 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். 39க்கு 8 என்றால் 4.88. யுத்த கால வில்லிஸில் 4.88. அதன் பின்வந்த சி.ஜே. வகைக்கு 5.38. பாய் எங்கள் வண்டியின் பின்மூடியைக் கழற்றி எண்ணினார். 39. டீசல் எஞ்சின் மாற்றிய காலத்தில் யாரோ வேகத்துக்காக 4.88ஐப் போட்டிருக்க வேண்டும்.

பழைய கையேட்டுக் கணக்கின்படி மூன்று கியர் பெட்டியில் முதல் கியர் 2.8. ஃபோர் வீலுக்கான டிரான்ஸ்ஃபர் பெட்டியில் லோ போட்டால் 2.46. பின்னால் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற எஞ்சின் 37 முறை சுற்றும். எஞ்சின் நிமிஷத்துக்கு 800 சுற்றில் சும்மா இரைந்துகொண்டிருக்கும்போது வண்டி மணிக்கு 3 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவாக நகரும். நடக்கிற ஆளைவிட மெதுவாக. இந்த மெதுவுதான் ஜீப்பின் பலம். கல்லைத் தாவாமல் அதன் மேல் ஏறி, உட்கார்ந்து, இறங்கும். இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், டிரம் சூடேறாது.

4.88இல் அந்த 37 என்பது 33½ ஆகிறது. அதன் மேல் 32 அங்குல டயர் போட்டால் 29க்குச் சமமாகிவிடும். உயரமும் டயரும் மட்டும் மாற்றி, பணம் தீர்ந்துபோய், கியரை விட்டுவிட்ட ஜீப் இதுதான். பார்க்க மலையேறுகிற வண்டி. உள்ளே அது சமவெளிக்குச் சாதகமாகத் திருத்தப்பட்டிருக்கிறது. உருவம், உள்ளடக்கம் என்று நாம் வருஷக் கணக்கில் போட்ட சண்டைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. பட்டறையில் அந்தச் சண்டை இல்லை. பல்லை எண்ணிப் பார்த்துவிடுகிறார்கள்.

இந்தச் சமயத்தில் கொழுக்குமலை நினைவுக்கு வந்தது. சில வருஷங்களுக்கு முன் போயிருந்தேன். தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில். ஜீப் போகும் வழியோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. ஏறக்குறைய 7,900 அடி உயரம். பாதை என்று சொல்வது மரியாதைக்காக, உருட்டிவிட்ட கற்கள். அங்கே வாடகைக்கு ஓடும் ஜீப்புகளுக்கு அதுதான் தினசரி வேலை, இருள் பிரியாத நேரத்திலிருந்து. நான் பார்த்த வண்டிகளில் ஒன்றுகூடத் தூக்கப்பட்டதாக இல்லை. டயர்கள் ஒல்லியாக இருந்தன. ஒல்லி டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு கீழேயுள்ள கெட்டித் தரையைத் தேடிப் பிடிக்கும். பட்டைகள் தேய்ந்து தளர்ந்து, பாறைக்குப் பாறை சக்கரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு போயின. டிரைவர்கள் லோவைப் போட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை ஏறக்குறைய எடுத்தேவிட்டார்கள். எங்கள் டிரைவர் வழியெல்லாம் ஒரு நிலத் தகராறு பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். கதை முடிவதற்குள் மேலே வந்துவிட்டோம்.

அதற்கு மாறாக, தூக்கிய வண்டிகளை நான் அதிகம் பார்ப்பது ஆழ்வார்பேட்டையில்தான். டி.டி.கே. ரோடு சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் வந்து நிற்கும் டயர் ஏறக்குறைய என் ஸ்கூட்டர் ஹாண்டில்பார் உயரத்துக்கு வருகிறது. கம்பெனியிலிருந்தே உயரமாக வருகிற வண்டிகளும் பெருகிவிட்டன. 2020இல் வந்த புதிய தார் தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் இடைவெளியோடும், 650 மில்லிமீட்டர் தண்ணீரைக் கடக்கும் என்ற வாக்குறுதியோடும் வருகிறது. அதுவும் போதாதென்று மேலும் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் வெள்ளம் என்கிறார்கள். அக்கா பையனும் இதைச் சொன்னான். மலைக்குப் போகாத நாளில் மெட்ராஸ் வெள்ளத்துக்கு ஆகும் என்றான்.

வெள்ள விஷயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 2015 டிசம்பரைப் பார்த்தவர்கள் யாரும் தள்ள மாட்டார்கள். ஆனால் தண்ணீருக்குள் வண்டியை நிறுத்துவது எஞ்சின் மூச்சு விடும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்பதுதான். அதைத் தூக்கி வைக்கப் பட்டையை மாற்ற வேண்டியதில்லை. இரண்டாவது, தண்ணீரில் போகிற உயரமான வண்டி தனக்கு முன்னால் ஓர் அலையைத் தள்ளிக்கொண்டு போகிறது. எங்கள் தெரு வீடுகளுக்கு ஒரு காலத்தில் வாசலில் நான்கு படி ஏறிப் போக வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் தார் போட்டுப் போட்டு, இப்போது பல வீடுகளுக்கு ஒரு படி இறங்கிப் போகிறோம். 2021 மே மாதத்தில், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, சாலையைச் சுரண்டிய பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று உத்தரவிட்டார். அதற்குள் இறங்கிய வீடுகள் இறங்கியவைதாம். சென்னையில் சிலர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். வசதியில்லாதவர்கள் வாசலில் செங்கல் அடுக்குகிறார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். வாசலில் அடுக்கிய செங்கல்லுக்கு ஒரு விரற்கடை கீழே தண்ணீர் அசையாமல் நின்றது. பகல் பூராவும் அப்படியே நின்றிருக்கும். இரண்டு உயரமான வண்டிகள், அவசரம் எதுவும் இல்லாதவை போல, ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அலை செங்கல்லைத் தாண்டி எதிர்வீட்டுக் கூடத்துக்குள் போயிற்று. அங்கே ஒரு வயதான அம்மாள் கட்டிலை விட்டு இறங்க முடியாதவர். கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டி மிதந்து வந்ததைப் பார்த்தேன். வண்டிக்குள் இருந்தவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் இருந்த உயரத்திலிருந்து வாசற்படி தெரியாது.

உயரத்தில் உட்காருகிறவனுக்கு அதிகம் தெரியும் என்று நினைக்கிறோம். தூரத்தில் இருப்பது தெரியும். பானெட்டுக்கு முன்னால் நிற்கிற குழந்தை தெரியாது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் எங்கள் தெரு முழுக்க பானெட்டைவிடக் குள்ளமானவர்கள்தான்.

சட்டம் இருக்கிறது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி செய்தபோது குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதி செய்தது. அதே வருஷத்துத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தது. சட்டத்தைக் காட்டியே அக்கா பையனை மறுத்திருக்கலாம். சௌகரியமான வழி. ஆனால் சட்டத்தைச் சொன்னால் அவன் மாட்டிக்கொள்ளாமல் செய்வது எப்படி என்று யோசித்திருப்பான். ஏன் கூடாது என்பதைப் பல் பல்லாக எண்ணிக் காட்டுவதே அவனுக்கு நான் செய்யக்கூடிய மரியாதை என்று பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் தரையில் உட்கார்ந்து காகிதத்தில் பெருக்கிப் பார்த்தோம். 37, 33½, 29. அவன் கணக்கில் கெட்டிக்காரன். இரண்டாவது பெருக்கலிலேயே புரிந்துவிட்டது. இருந்தாலும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

"மாமா, அங்க எல்லாரும் பெரிய டயர் போட்டுட்டு வந்தா, நான் மட்டும் இந்தத் தாத்தா வண்டியில போனா எவன் மதிப்பான்?"

இது நியாயமான கேள்வி. இருபத்தாறு வயதில், புது இடத்தில், தன்னைவிட மூத்தவர்களை வேலை வாங்கப் போகிறவனுக்கு மதிப்பு ஒரு தேவைதான், மழைக்கோட்டு மாதிரி. இதற்குக் காகிதத்தில் பதில் இல்லை. "எல்லோரும் என்று சொன்னாயே, அதில் மூட்டை ஏற்றுகிற வண்டி எத்தனை?" என்று மட்டும் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு 43க்கு 8 ஜோடி எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.

புதுப்பேட்டையில் கிடைத்தது. ஒரு ஜோடி போதாது. பின்னால் ஒரு விகிதமும் முன்னால் ஒரு விகிதமுமாக இருந்தால் ஃபோர் வீல் போட்டதும் இரண்டு ஆக்ஸிலும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். எது பலவீனமோ அது உடையும். ஆகவே முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. அதிலும் கிரௌனும் பினியனும் ஒன்றாகத் தேய்த்துப் பழக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள். வேறு வேறு ஜோடியிலிருந்து எடுத்துச் சேர்த்தால் ஊளையிட்டுக்கொண்டே ஓடிச் சீக்கிரம் போய்விடும். பாய் இரண்டு பழைய ஹவுசிங்கைப் பிரித்து, எண்ணெயைத் துடைத்து, எண்களை வெளிச்சத்தில் காட்டினார். பொருத்தும்போது பல்லில் சாயம் தடவிச் சுற்றி, ஒரு பல் மற்றதில் எங்கே படுகிறது என்று பார்த்தார். நுனியில் பட்டால் ஒரு மெல்லிய தகடு கூட்டுவார்; அடியில் பட்டால் எடுப்பார். நடுவில் வந்து விழும்வரை ஒரு பகல் முழுவதும் இதே வேலை. யாரும் ஒருபோதும் பார்க்கப் போகாத இடத்தில் அத்தனை சிரத்தை. நம்மில் எத்தனை பேர் ஒரு வரிக்கு இவ்வளவு செய்கிறோம் என்று கேட்டுக்கொண்டேன். கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு டீ வாங்கி வந்தேன்.

பட்டைகளைக் கழற்றித் தகடு தகடாகப் பிரித்து, துருவை எடுத்து, தொய்ந்தவற்றைத் தட்டி, கம்பெனி வளைவுக்குக் கொண்டுவந்தார்கள். அதிலேயே ஓர் அங்குலம் உயர்ந்தது. அது புது உயரமில்லை. இருபது வருஷம் வேப்பமரத்தடியில் நின்று இழந்த உயரம். டயர் அதே 6.00-16, ஒல்லியானது, புதிது. பிரேக் லைனிங், புது எண்ணெய். மொத்தச் செலவு, மூன்று அங்குலமும் 32 அங்குல டயரும் என்று கடையில் சொன்னதைவிடக் குறைவு.

இழந்தது என்னவென்றும் சொல்ல வேண்டும். டாப் கியரில் எஞ்சின் 3,000 சுற்று போடும்போது முன்பு 82 கிலோமீட்டர் போன வண்டி இப்போது 75க்குள் நின்றுவிடும். அந்தச் சத்தத்தில் நாள் முழுக்க ஓட்ட முடியாது. 55, 60தான் சரி. சென்னையிலிருந்து தேனி ஏறக்குறைய 500 கிலோமீட்டர். விழுப்புரத்தில் தூங்கி, திண்டுக்கல்லில் சாப்பிட்டு, இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தான். நாற்கரச் சாலையில் லாரிகள்கூட ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனதாகச் சொன்னான். பெரிய பாறை குறுக்கே இருந்தால் டிஃபரன்ஷியல் இன்னும் தட்டத்தான் செய்யும். இறங்கி, பாறையைப் பார்த்து, சக்கரத்தை அதன் மேலேயே ஏற்றிப் போக வேண்டும். ஜீப் ஓட்டுவதில் பாதி இறங்கிப் பார்ப்பதுதான் என்று சித்தப்பா சொல்வார்.

ஜூன் மாதம் மழை பிடித்த பிறகு ஒரு ராத்திரி டெலிபோன் செய்தான். அன்று சாயங்காலம் பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணைத் தோட்டத்திலிருந்து தார் ரோடு வரை இறக்கியிருக்கிறார்கள். பின் ஸீட்டில் அவளும் அவள் மாமியாரும். லோவில் முதல் கியரைப் போட்டுவிட்டுப் பிரேக்கைத் தொடவில்லை என்றான். அவள் புருஷன் வண்டியில் ஏறாமல், பின் கதவைப் பிடித்துக்கொண்டு, குடையை உள்பக்கம் சாய்த்து அவளிடம் பேசியபடி கூடவே நடந்து வந்தானாம்.

"நடந்தே வந்தானா?"

"நடந்தேதான் மாமா. சில இடத்துல எங்களுக்காக நின்னான்."